பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை.
ஏரி உறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது,
டுலூத்தின் காற்றுக்கு அந்தப் பொறுமை இல்லை.
நிலவறைக்கு இறங்குகிறேன்:
எண்ணெய்ப் புட்டி, கைவிளக்கு,
ஹால்வர் விட்டுப்போன பனியனில் கிழித்த துணி.

அறுபத்தோராம் வருடத்து பாய்லர்.
எண்ணெய் குடித்து வளர்ந்து
நடுவயதில் எரிவாயுவுக்கு மாறியது.
பழைய பழக்கத்தின் கரி
இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது.
பம்பின் மூன்று துளைகளில்
எண்ணி எண்ணிச் சொட்டு விடவேண்டும்.
குறைந்தால் கத்தும்,
கூடினால் கெடும்.
பைலட் சுடர் நகத்தளவு நீலம்.
மஞ்சள் கலந்தால் தொடாதே, ஆளைக் கூப்பிடு.
இன்று நீலம்தான்.

வீட்டைப் பாதியாக வெட்டிய கோடு
என் கூரைக்கும் அவன் தரைக்கும் நடுவே ஓடுகிறது.
மாடி அவனுக்கு, கீழ்த்தளம் எனக்கு.
பாய்லரை எப்படிப் பிரிப்பதென்று
இரண்டு வக்கீல்களுக்கும் தெரியவில்லை.
குழாய்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை.
பதினோரு மாதமாகப் பேச்சு கிடையாது.
எங்கள் சண்டையில் குளிர் காயும்
பக்கத்து வீட்டு டோரீனுக்கு
இந்த வருடம் எரிவாயுச் செலவு மிச்சம்.

ரேடியேட்டரில் காற்று சேர்ந்தால்
கீழே சுடும், மேலே சில்லிட்டுக் கிடக்கும்.
திருகைக் கால் சுற்று திறந்தால் போதும்:
உஸ்ஸென்று ஒரு நீளப் பெருமூச்சு,
பிறகு துப்பல், பிறகு கறுத்த தண்ணீர்.
தம்பிக்குக் கொடுத்த கடனைப் பற்றி
நான்கு வருடம் மூச்சு விடாதவன் ஹால்வர்.
அவனுக்கு இப்படி ஒரு திருகு
எந்தப் பக்கம் இருக்கிறதென்று
நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்கு ஒரே ஒரு பித்தளைச் சாவி.
என் ஐந்தையும் முடித்து
படிக்கட்டின் ஏழாம் படியில் வைத்தேன்.
கதவு திறந்தது. சாவி போனது.
இனி அவன் மேலே காற்றை விடவேண்டும்,
நான் கீழே முள்ளைப் பார்க்கவேண்டும்.
இது ஒற்றை ஆள் வேலை இல்லை.
குழாயில் ஒரு தட்டு: திறக்கிறேன்.
இரண்டு தட்டு: மூடிவிட்டேன்.
யாரும் பேசி வைத்ததில்லை,
இருபத்தாறு குளிர்காலத்தில் தானாக வந்தது.

தட்.
பன்னிரண்டு, பதினொன்று.
தட் தட்.
நிரப்பும் வால்வைத் திறந்தேன், மறுபடி பன்னிரண்டு.
நான்கு ரேடியேட்டர் இப்படியே போயிற்று.

ஐந்தாவது, என் பழைய தையல் அறையில்.
தட்.
பதினொன்று. பத்து. ஒன்பது.
இரண்டாம் தட்டு வரவில்லை.
எட்டரை.
வால்வைத் திறந்தால் அவன் தரையில் வெள்ளம்,
திறக்காவிட்டால் மாடி முழுக்கக் காற்று.

"ஹால்வர், மூடு!"

படிக்கட்டின் இருட்டில் போன என் குரல்
எனக்கே அந்நியமாக இருந்தது.

"திருகு வழுக்குது. உன் இடுக்கி எங்க?"

உன் இடுக்கி என்கிறான்.
பாகப்பிரிவினைப் பட்டியலில்
அது யார் பெயரிலும் இல்லை.

ஏறிப்போனேன்.
கட்டைவிரலால் துளையை அடைத்து
மண்டியிட்டிருந்தான்,
முழங்கை வரை மை போல் வழிந்திருந்தது.
காதோரம் நரை அதிகமாகியிருக்கிறது.
விரலை எடு என்றேன், எடுத்தான்.
என் கண்ணாடியில் ஒரு பீய்ச்சல்.
இடுக்கி பிடித்தது, திருகு அடங்கியது.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
"முள் எட்டரையில் நிக்குது" என்று
நான் இறங்கிவிட்டேன்.

ராத்திரி பதினெட்டுக்கு ஏறியது முள்.
முதலில் என் அறை சுட்டது, பிறகு அவனுடையது.
குழாய்க்குள் தட், தட்.
இரும்பு சூட்டில் நீளும் சத்தம், வேறொன்றுமில்லை.
ஆனாலும் எண்ணினேன்.

இடுக்கி மாடியிலேயே இருக்கிறது.
ஏப்ரலில் பம்புக்கு எண்ணெய் விடும்போது தேவைப்படும்.
அதுவரை அவசரம் ஒன்றும் இல்லை.